கட்டுநாயக்காவுக்கு ஒருவரும் வரக்கூடாது

1

பதினோராவது முறையாக விசா புதுப்பிக்கப் போன அன்று, பத்தரமுல்லை அலுவலகத்தில் கையில் எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தபோது, தென்காசியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். குரலை ரொம்பவும் தாழ்த்திப் பேசினாள். எனக்குத் திக்கென்றது.

“ஏட்டி, உங்க அப்பா பிளேன் டிக்கெட் எடுத்துட்டாவ. மதுரையில இருந்து உங்க ஊருக்கு. எங்கிட்டயே இப்பத்தான் சொல்லுதாவ.”

“எந்த ஊருக்கு?”

“உங்க ஊருக்குத்தான்ட்டி. கொழும்புக்கு.”

கொழும்பை ‘உங்க ஊரு’ என்று அம்மா சொல்லும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று தைக்கும். அன்றைக்குத் தைக்கவில்லை. என் எண்ணைக் கூப்பிட்டதும் காதில் விழவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் தோளைத் தட்டிச் சொன்ன பிறகுதான் ஓடினேன். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால், வந்தது அத்தனையும் தென்காசித் தமிழ். “அப்பா வாராவ மேடம், எங்க அப்பா வாராவ” என்கிறேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே கோப்பை வாங்கிக்கொண்டாள்.

ஊரில் இதைப் படிக்கிறவர்கள், “மகளைப் பார்க்க அப்பா வருகிறார், இதில் என்ன அதிசயம்?” என்று கேட்பீர்கள். மதுரையில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையம். தென்காசியிலிருந்து சென்னைக்குப் போகிற நேரத்தில் இங்கே வந்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கியும் எழுந்துவிடலாம். அந்த ஒரு மணி நேரத்தைக் கடக்க அப்பாவுக்குப் பதினோரு வருடம் ஆனது.

சென்னையில் படித்தபோது பழகிய கொழும்புக்காரர் கஜனைத்தான் கட்டுவேன் என்று நான் நின்றபோது, “குண்டு வெடிச்ச ஊருக்குப் பிள்ளையக் குடுக்க மாட்டேன்” என்றார். சண்டை முடிந்து வருடக்கணக்காகிறது என்றேன். “முடிஞ்சுதுன்னு உனக்கு யாரு வந்து சொன்னா?” என்றார். கடைசியில் அம்மா அழுது, சாப்பிடாமல் கிடந்து, கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடிந்த கையோடு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “கட்டிக் குடுத்துட்டேன். ஆனா அந்த ஊரு வாசல மிதிக்க மாட்டேன். கூப்பிடாத.”

அப்பா சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை சொந்தக்காரர் கல்யாணத்தில், மண்டப வாசலில் நின்ற யாரோ தெரியாமல் “நீங்க யாரு வீடு?” என்று கேட்டுவிட்டார்கள். மனுஷன் அப்படியே திரும்பி, அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து பழைய சோறு சாப்பிட்டார். நான் ஊருக்குப் போகிறபோதெல்லாம் “வந்தியா? சாப்டியா? என்னைக்குக் கெளம்புத?” என்று மூன்று கேள்வி கேட்பார். நாலாவதாக, “நானும் ஒருநாள் வாரேன்” என்று சொல்ல மாட்டாரா என்று ஒவ்வொரு முறையும் காத்திருந்துவிட்டுத்தான் திரும்புவேன்.

2

பிடிவாதக்காரரை அசைத்தவள் என் மகள் இலக்கியா. ஒன்பது வயது. கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து, இங்கேயே படிக்கிறவள். தென்காசியை ‘அம்மாட ஊர்’ என்பாளே தவிர ஒருநாளும் ‘எங்கட ஊர்’ என்றதில்லை. அவளை நான் ஊர்ப் பேச்சு பேசவைக்கப் பார்த்து, கடைசியில் நான்தான் ‘கதைக்க’ ஆரம்பித்திருக்கிறேன்.

அப்பா முப்பத்திரண்டு வருடம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். வீடியோ அழைப்பில் பேத்தியிடம் பேச அவருக்கு வேறு விஷயம் கிடையாது. எந்த ஊருக்கு எந்தத் தடம், எங்கே மாறி ஏற வேண்டும் என்று பெருமையாக அளந்துகொண்டிருந்தார். இவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று கேட்டாள்:

“அம்மப்பா, உங்களுக்கு எல்லா பஸ்ஸும் தெரியும் எண்டு சொல்றீங்கள். பிறகேன் எங்கட வீட்டுக்கு மட்டும் வரத் தெரியேல்ல?”

திரையிலிருந்து அப்பாவின் முகம் நழுவியது. கொஞ்ச நேரம் தென்காசி வீட்டு மின்விசிறி மட்டும் திரையில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் மகளை முறைத்தேன். “நான் பிழையாக் கேட்டனானா?” என்கிறாள். அதற்கு அடுத்த வாரம்தான் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டது.

மறுநாள் அப்பாவே பேசினார். “நான் தனியா வாரேன். ஏர்போர்ட்டுக்கு ஒருத்தரும் வரக்கூடாது. நீயும் வராத, உங்க வீட்டு ஆளுகளும் வரக்கூடாது. பஸ்ஸப் புடிச்சு வீடு வந்து சேர எனக்குத் தெரியும். மீறி யாராவது அங்கன வந்து நின்னியன்னு வையி, அந்தாக்குல அடுத்த பிளேன்ல ஏறிருவேன்.”

“சரிப்பா.”

“சத்தியமா?”

“சத்தியமாப்பா.”

3

இணையத்தில் பயண அனுமதிக்கு நான்தான் விண்ணப்பித்தேன். வருகையின் நோக்கம் என்ன என்ற இடத்தில் கை நின்றது. சரி, அவரையே கேட்போம் என்று கூப்பிட்டேன்.

“எதுக்கு வாரியன்னு கேக்காங்கப்பா. ஊர் சுத்திப் பாக்கவா, சொந்தக்காரங்களப் பாக்கவா?”

“சுத்திப் பாக்கன்னு போடு” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ‘உறவினரைப் பார்க்க’ என்ற கட்டத்தைத் தட்டி அனுப்பிவிட்டேன். அப்பா சொன்னதை அந்த வாரத்தில் முதல் தடவையாக மீறியது அப்போதுதான்.

எங்கள் வீட்டு முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லி எழுதவைத்தேன். எழுதி முடித்ததும், “இது காயிதத்துக்கு. எனக்கு ஸ்டாப்பச் சொல்லு. அதுக்கு முந்தின ஸ்டாப்பு எது, அதுக்கும் முந்தினது எது?” என்று கேட்டார். முந்தின நிறுத்தம் தெரிந்தால்தான் நேரத்துக்கு எழுந்து வாசலுக்கு வர முடியுமாம். சொன்னேன். “கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, பொறவு வெள்ளவத்த” என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பதினோரு வருடமாக நான் போய்வருகிற வழியின் பெயர்களை அப்பாவின் குரலில் கேட்பது என்னவோ போல் இருந்தது.

4

வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் வேன் போக வேண்டும். இது கொழும்புத் தமிழரின் எழுதாத சட்டம். வருவது ஒருவர் என்றாலும் போவது பத்துப் பேர். திரும்பி வரும்போது, கனடாவிலிருந்து களைத்து வந்தவர் பெட்டிகளுக்கு நடுவே முழங்காலை நாடியில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் புதுப்பெண்ணாக வந்திறங்கிய அன்று பதினான்கு பேர் வந்தார்கள். அதில் ஒரு குழந்தை என் பட்டுப்புடவையில் வாந்தியும் எடுத்தது. ஊருக்கு ஃபோன் போட்டு, “இதென்ன கூத்து?” என்று சிரித்தவள்தான் நான்.

அப்பாவின் நிபந்தனையைச் சொன்னதும், கஜனின் அம்மா, எங்களோடு இருக்கிற மாமி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“இதென்ன கதை பிள்ளை? சம்பந்தி முதல்தரம் வாறார். ஒருத்தரும் போய் நிக்காட்டி அது மரியாதையே?”

“அவர் ஒரு மாதிரி மாமி. சொன்னா செய்வார். திரும்பிப் போயிடுவார்.”

மாமி வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “என்ர மூண்டு சகோதரங்களையும் கட்டுநாயக்காவிலதான் ஏத்தி அனுப்பினனான். ஒருத்தரும் திரும்பி வரேல்ல. அனுப்பி அனுப்பியே அலுத்துப்போச்சு. வாற ஆக்களையாவது போய்க் கூட்டிக்கொண்டு வருவம், பிள்ளை.”

பதினான்கு பேர் ஏன் வந்தார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. சிரித்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

கஜன் வழக்கறிஞர். அன்றைக்குப் பார்த்து அவருக்குப் புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கு. “சத்தியத்தை மீறுறது பிழை. அம்மாவை மறிக்கவும் ஏலாது” என்று இரண்டு பக்கமும் தீர்ப்புச் சொல்லிவிட்டு நழுவிவிட்டார். முடிவு என் தலையில். யோசித்தேன். யார்மேலும் பழி போட மாட்டேன். எனக்கும் ஆசை இருந்தது. அப்பா வெளியே வரும்போது, முதலில் என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை.

“சரி மாமி. போவோம்” என்றேன்.

5

விமானம் பதினொன்றரைக்கு இறங்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து கஜனின் சித்தப்பா வேனைக் கொண்டுவந்தார். கூடவே சித்தியும் அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகளும். மாமியும் நானும் இலக்கியாவும் ஏறினோம். இலக்கியா ஒரு அட்டையில் ‘அம்மப்பா’ என்று பெரிதாக எழுதி, சுற்றிவரப் பூவும் வரைந்து வைத்திருந்தாள்.

“அவசரப்படத் தேவையில்ல” என்றார் சித்தப்பா. “பிளேன் இறங்கி, பாஸ்போர்ட் காட்டி, பெட்டி எடுத்து வெளியில வர ஒண்டரை மணித்தியாலம் செல்லும்.” அந்த நம்பிக்கையில் வழியில் நிறுத்தி மரக்கறி ரோல்ஸ் வாங்கினோம். மாமி மாலை வாங்கினார். பேலியகொடையில் மீன் லொறிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். நான் முள்ளின்மேல் இருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றோம். வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு மணி ஆனது. மதுரைக்காரர்கள் மாதிரித் தெரிந்த ஒரு குடும்பம் வெளியே வந்தபோது ஓடிப்போய்க் கேட்டேன். “நாங்கதான் கடைசி. எங்க பெட்டி வர லேட்டாயிருச்சு” என்றார்கள். அப்பாவின் எண்ணுக்கு அழைத்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே. “நாலு நாளைக்கு எதுக்குட்டி அதெல்லாம்?” என்று வெளிநாட்டுச் சேவை போட மறுத்திருந்தார்.

அவர் எங்களைப் பார்த்திருக்கிறார். மாலையையும் அட்டையையும் கூட்டத்தையும் தூரத்திலேயே பார்த்துவிட்டு, சொன்னபடியே திரும்பிவிட்டார். புறப்பாட்டுப் பக்கம் ஓடினேன். வரிசையில் நிற்கிற ஒவ்வொரு வெள்ளை வேட்டியையும் தேடினேன். அப்பாவைக் காணோம். பதினோரு வருடம் காத்திருந்து கிடைத்ததை நானே கெடுத்துக்கொண்டேன் என்று, அத்தனை பேர் நடுவிலும் வாய்விட்டு அழுதேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னாலதான், எல்லாம் என்னாலதான்” என்று புலம்பினார். ரோல்ஸை யாரும் தொடவில்லை.

இரண்டு மணிக்கு என் கைப்பேசி அடித்தது. எங்கள் அடுக்குமாடியில் வாசல் காவலுக்கு இருக்கும் வாட்ச்சர். சிங்களவர், அறுபது வயதுக்காரர். தெரிந்த தமிழில் சொன்னார்: “மிஸ், உங்க அப்பா வந்தாச்சி. இங்க இருக்கிறார். வீடு பூட்டு.”

“அவர்கிட்ட குடுங்க” என்றேன்.

“எங்கட்டி இருக்க?” அப்பாவின் குரல்.

கடைக்கு வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. “ஏர்போர்ட்லப்பா” என்றேன்.

“யாராரு?”

“எல்லாரும்.”

கைப்பேசி வாட்ச்சரின் கைக்குத் திரும்பிப் போய்விட்டது.

6

திரும்பும் வழியில் இலக்கியாதான் வாட்ச்சரை மறுபடி அழைத்தாள். அவளுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அவர் சொல்லச் சொல்ல எங்களுக்குத் தமிழில் சொன்னாள். அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு தோள்பை. பெட்டிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நாங்கள் லொறிகளுக்குப் பின்னால் நின்றபோதே வெளியே வந்து, கொழும்பு பஸ்ஸில் ஏறியிருக்கிறார். அதிவேகப் பாதையில் நாங்கள் அந்தப் பக்கம் போக, அவர் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்.

“அம்மப்பா டிக்கெட் கேட்டவராம். பஸ்காரன் காசை மட்டும் வாங்கினானாம். டிக்கெட் தராட்டி இருக்கமாட்டன் எண்டு நிண்டவராம்” என்றாள் இலக்கியா. சிங்களத்தில் அண்ணனை ‘அய்யே’ என்பார்கள், அவளுக்குக் கண்டக்டர்கள் எல்லோரும் அய்யேதான். “பிறகு தன்ர பழைய கண்டக்டர் கார்டை எடுத்துக் காட்டினவராம். அந்த கண்டக்டர் அய்யே சிரிச்சுப்போட்டு, எங்கேயோ தேடி ஒரு டிக்கெட் கிழிச்சுக் குடுத்தவராம். முன் சீட்டில இருத்தி, புறக்கோட்டையில நூறாம் நம்பர் பஸ் கண்டக்டரிட்ட கையைப் பிடிச்சுக் குடுத்தவராம். அந்த அய்யே பஸ்ஸை ஓரமா நிப்பாட்டிப்போட்டு, எங்கட கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டு, நடந்ததையெல்லாம் வாட்ச்சருக்குச் சொன்னவராம்.”

வேனுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பாவும் தன் தடத்தில் இதைத்தான் செய்வார். வயதானவர்களை, கைப்பிள்ளைக்காரிகளை அடுத்த வண்டிக் கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் விசில் கொடுப்பார். மொழி தெரியாத ஊரில் அவரை அவர் ஆட்களே கைமாற்றிக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

“இப்ப என்ன செய்யிறார் எண்டு கேள்” என்றார் மாமி.

இலக்கியா கேட்டாள். முகம் மாறியது. “தண்ணியும் வேண்டாமாம். பையைக் கழட்டேல்லையாம். ரோட்டையே பாத்துக்கொண்டு இருக்கிறாராம்.”

பூட்டின வீட்டு வாசலில், தோளில் பையோடு அப்பா. “நீங்க யாரு வீடு?” என்ற ஒரு கேள்விக்கே மண்டபத்தை விட்டு வந்தவர். கொள்ளுப்பிட்டியும் பம்பலப்பிட்டியும் அன்றைக்கு நகரவே இல்லை.

எங்கள் வீட்டுச் சந்துக்குள் திரும்பினோம். வாட்ச்சரின் நாற்காலியில் அப்பா விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வேனைக் கண்டதும் எழுந்தார். பை தோளிலேயே தொங்கியது.

மாமிதான் முதலில் இறங்கினார். “சம்பந்தி, குறை நினைக்காதேங்கோ. பிள்ளை வேண்டாமெண்டுதான் சொன்னவ. நான்தான் கேக்கேல்ல.”

“இல்லப்பா” என்று நான் குறுக்கே விழுந்தேன். “போவோம்னு சொன்னது நாந்தான். சத்தியத்த மீறுனது நாந்தான். திட்டணும்னா என்னயத் திட்டுங்க. திரும்பி மட்டும் போயிராதிய.”

அப்பா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. வேன் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா இறங்கினார், சித்தி இறங்கினார், பெண்பிள்ளைகள் இறங்கினார்கள். கடைசியாக இலக்கியா. அப்பாவின் ஆள்காட்டி விரல் ஒவ்வொரு தலைக்கும் அசைந்ததைக் கண்டேன். முப்பத்திரண்டு வருடப் பழக்கம்.

“ஏழு” என்றார். “ஏழு பேரும் எனக்காவா போனிய?”

“ஓம் அம்மப்பா” என்றாள் இலக்கியா. “கால் நோக நோக நிண்டனாங்கள். நீங்கள்தான் வரேல்ல.” அட்டையை அவர் கையில் கொடுத்தாள்.

அதை வாங்கி, வெகுநேரம் வாசித்தார். இருந்தது ஒரே ஒரு சொல். பிறகு மாமியைப் பார்த்துப் பேசினார்:

“வண்டி ஸ்டாண்டுக்குள்ள நுழைஞ்சதும் ஒவ்வொருத்தரயும் கூட்டிட்டுப் போக ஆளுக நிப்பாவ. நான் பை, கணக்கெல்லாம் முடிச்சுட்டுக் கடைசியா எறங்குவேன். அப்பம் அங்கன ஒரு குருவி இருக்காது. முப்பத்திரெண்டு வருசம், என்னய எதிர்பாத்து ஸ்டாண்டுல ஒருத்தரும் நின்னதில்ல தாயி.” குரல் பிசிறியது. இருமி மறைத்துக்கொண்டார்.

“இனி நாங்கள் நிப்பம்” என்றார் மாமி.

அப்பா தோள்பையைக் கழற்றினார். பக்கத்தில் நின்ற சித்தப்பாவிடம் அதைக் கொடுத்தார்.

“அப்பம், அடுத்த தடவ நான் வாரப்ப கொஞ்சம் வெள்ளனக் கெளம்புங்க. வண்டி வந்துட்டுப் போன பொறவு ஸ்டாண்டுக்கு வந்து என்ன பிரயோசனம்?”

எல்லோரும் சிரித்துக்கொண்டே மாடி ஏறினார்கள். அடுத்த தடவை என்றார் அப்பா. கண்ணில் நீர் மறைக்க, பூட்டின் துவாரம் எனக்குப் பிடிபடவில்லை. மாமிதான் என் கையிலிருந்து சாவியை வாங்கிக் கதவைத் திறந்தார்.